சின்னப் பிள்ளைகளோட பாரிஸ் சுத்திப் பாக்குறது: திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

பாரிஸ் பக்கத்துல குடியிருக்கோம்னு தெரிஞ்சா போதும், ஏப்ரல் மாசத்துலேர்ந்தே வாட்ஸப் நிரம்ப ஆரம்பிச்சுடும். சென்னைலேர்ந்து, கோயமுத்தூர்லேர்ந்து, லண்டன்லேர்ந்து, ஃப்ரெண்டோட ஃப்ரெண்ட், மச்சினரோட ஆஃபீஸ்காரர், எல்லாருக்கும் அதே சந்தேகம் தான். வாய்ஸ் நோட் போட்டுப் போட்டு தொண்டை கட்டிக்கிச்சு, அதனால ஒரேயடியா எழுதி வச்சுட்டேன். கைக்குழந்தைலேர்ந்து எட்டு ஒன்பது வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களோட வர்றவங்களுக்குத் தான் இது. கேள்விய கேட்டவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். விலையும் நேரமும் மாறிக்கிட்டே இருக்கும், கிளம்புறதுக்கு முன்னாடி அந்தந்த இடத்தோட வெப்சைட்ல ஒருதடவ பாத்துக்கோங்க.

அக்கா, 3 வயசுக் குழந்தைய கூட்டிட்டு பாரிஸ் வர்றது வேஸ்டா? வீட்ல எல்லாரும் பெருசானப்புறம் போங்கன்றாங்க

வேஸ்ட் இல்ல. ஆனா நீங்க கல்யாணம் ஆன புதுசுல சுத்துன மாதிரி சுத்தணும்னு நெனச்சு வந்தா கண்டிப்பா வேஸ்ட் தான். மூணு வயசுப் பிள்ளைக்கு ஈபிள் டவர் 1889-ல் கட்டினதுன்றதெல்லாம் ஒரு பொருட்டே கிடையாது, டவருக்குக் கீழ நிக்கிற குடை ராட்டினம் தான் கண்ணுல படும். நல்ல விஷயம் என்னன்னா இந்த ஊர்ல பெரிய இடம் எதுவா இருந்தாலும் பக்கத்துலயே ஒரு பார்க்கும் ஒரு ராட்டினமும் இருக்கும்.

நான் எல்லாருக்கும் சொல்றது ஒண்ணே ஒண்ணு தான்: ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், ஒரு பார்க். காலைல பெரிய இடம், சாப்பாடு, அப்புறம் பார்க், அப்புறம் ரூம். பார்க்க நேரம் மிஞ்சினா போற இடமா நினைக்காதீங்க, அதையும் ப்ளான்லயே எழுதுங்க. கீழ வர்ற பாதி பதில் இதுலேர்ந்து தான் வருது.

எங்க ட்ராவல்ஸ்காரர் 2 நாள் போதும்னு சொல்றாரு, போதுமா?

பஸ் ஜன்னல் வழியா பாக்குறதுக்குப் போதும். பிள்ளைங்களோடன்னா அஞ்சு ராத்திரி தங்குற மாதிரி வாங்க, குறைஞ்சது நாலாச்சும் இருக்கட்டும். முதல் நாள் கணக்குலயே வராது. இந்தியாவுக்கும் இங்கயும் வெயில் காலத்துல மூணரை மணி நேரம், குளிர் காலத்துல நாலரை மணி நேரம் வித்தியாசம், பிள்ளைங்க விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு சாயங்காலம் ஆறு மணிக்கே சொக்கி விழும்.

அதோட மல்லுக்கட்டாதீங்க, அதையே யூஸ் பண்ணிக்கோங்க. காலைல ஒன்பது மணிக்கு திறக்குற இடத்துக்கு ஒன்பதுக்கே போய் நிக்க முடியுற டூரிஸ்ட் நீங்க மட்டும் தான்.

கைக்குழந்தைக்கும் விசா வேணுமா?

வேணும், தனி பாஸ்போர்ட், தனி ஷெங்கன் விசா (ஐரோப்பால பல நாட்டுக்குப் பொதுவான விசா). ஆறு வயசுக்குக் கீழ விசா ஃபீஸ் கிடையாது, ஆறுலேர்ந்து பன்னெண்டுக்குள்ள 45 யூரோ, பெரியவங்களுக்கு 90 யூரோ (2024 ஜூன்லேர்ந்து). சென்டர்ல வாங்குற சர்வீஸ் சார்ஜ் இதுல சேராது. பன்னெண்டு வயசுக்குக் கீழ கைரேகை எடுக்க மாட்டாங்க. ட்ராவல் இன்ஷூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு குழந்தை பேர்லயும் இருக்கணும்.

எந்த மாசம் வந்தா நல்லது? எங்களுக்கு ஸ்கூல் லீவு மே மாசம் தான்

மே அருமையான மாசம், கவலையே படாதீங்க. செப்டம்பரும் நல்லா இருக்கும். ஜூலை ஆகஸ்ட்ல ரெண்டு பிரச்சனை. ஒண்ணு, ஆகஸ்ட்ல ஊர்க்காரங்களே லீவுல போயிடுவாங்க, தெருமுனை பேக்கரி, சின்ன சாப்பாட்டுக் கடையெல்லாம் பல இடத்துல ரெண்டு மூணு வாரம் ஷட்டர் இறங்கி இருக்கும். இன்னொண்ணு வெயில். "ஐரோப்பால என்ன வெயில்"னு சிரிக்காதீங்க, 2019 ஜூலைல இங்க 42.6 டிகிரி போச்சு, பழைய ஹோட்டல் நிறைய இடத்துல ஏசி கிடையாது. ஜூலை ஆகஸ்ட்ல வர்றதா இருந்தா ஏசி இருக்கான்னு ரூம் புக் பண்றப்பவே கேட்டுக்கோங்க. மே மாசத்துல ஒரே எச்சரிக்கை, மே 1 அன்னிக்கு மியூசியம் பலதும் மூடிடும்.

எந்த ஏரியால ரூம் போடலாம்? கார் து நோர் பக்கம் இட்லி தோசை கிடைக்குமாமே

கிடைக்கும், ஆனா சாப்பிட அங்க போங்க, தங்க வேண்டாம்னு தான் நான் சொல்லுவேன். பெரிய ஸ்டேஷன், ராத்திரி நேரம் சுத்தி கொஞ்சம் கசமுசான்னு இருக்கும், பிள்ளை பெட்டி பை எல்லாத்தோடயும் சிரமம். ஈபிள் டவர் பக்கம் 15-வது வட்டாரம் (பாரிஸ நம்பர் போட்டு வட்டாரம் வட்டாரமா பிரிச்சிருக்காங்க), இல்லாட்டி லுக்சம்பூர் தோட்டத்துக்குப் பக்கத்துல, ஜார்தான் தே ப்ளாந்த்ன்ற தாவரவியல் தோட்டம் இருக்கிற 5-வது வட்டாரம், இது ரெண்டும் குடும்பங்க இருக்கிற அமைதியான ஏரியா, வாசல்லயே பார்க், சூப்பர் மார்க்கெட்.

ரூம் விட சமையல் மேடை வச்ச அப்பார்ட்மென்ட் ஹோட்டல் நல்லது, ஏன்னு சாப்பாடு கேள்வில வரும். புக் பண்றதுக்கு முன்னாடி லிஃப்ட் இருக்கான்னு பாருங்க. பழைய பில்டிங்ல அஞ்சாவது மாடி வரைக்கும் வளைஞ்சு வளைஞ்சு மரப்படி மட்டும் தான் இருக்கும், லிஃப்ட் இருந்தாலும் ஸ்ட்ரோலரும் ஒரு ஆளும் நின்னா ஃபுல். நாலு பேருக்கு ஒரே ரூம்ன்றது இங்க சுலபமா கிடைக்காது, சீக்கிரமே தேட ஆரம்பிங்க.

ஏர்போர்ட்லேர்ந்து ட்ரெய்னா டாக்ஸியா?

சார்ல்ஸ் து கோல் ஏர்போர்ட்னா, பிள்ளையும் ரெண்டு பெட்டியும் இருக்கிறவங்க யோசிக்காம டாக்ஸி. மீட்டர் சூடு வைக்கிற பயமே வேண்டாம், ஃபிக்ஸட் ரேட், சேன் நதிக்கு வடக்குக் கரைன்னா ஒரு ரேட், தெற்குக் கரைன்னா ஒரு ரேட், 2024-ல் 56 யூரோ, 65 யூரோன்னு இருந்துச்சு, நாலு பேர் வரைக்கும் அதே தான். வெளிய டாக்ஸி போர்டு போட்ட க்யூல தான் ஏறணும், உள்ளயே வந்து "டாக்ஸி டாக்ஸி"ன்னு காதுக்குள்ள சொல்றவங்க பின்னாடி போகாதீங்க. ட்ரெய்ன் மலிவு தான், ஆனா இறங்குன இடத்துல படி ஏறணும், அடுத்த கேள்விய பாருங்க.

டாக்ஸில குழந்தை சீட் இல்லாம ஏறுறது இங்க சட்டப்படி தப்பு இல்ல, டாக்ஸிக்கு விலக்கு உண்டு. சீட் வேணும்னா முன்கூட்டியே சொல்லி புக் பண்ற கம்பெனிங்க இருக்கு.

ஸ்ட்ரோலர் கொண்டு வரணுமா, இல்ல அங்க தொல்லையா இருக்குமா?

ரெண்டும். கொண்டு வாங்க, ஆனா ஒரு கையால மடிச்சு தோள்ல மாட்டுற லேசான வண்டியா இருக்கட்டும். நாலு வயசுப் பிள்ளை வீட்ல ஸ்ட்ரோலரே தொடாதுன்னாலும் இங்க சாயங்காலம் ஆனா ஏறி உக்காந்துக்கும், நடை அவ்ளோ.

தொல்லை எங்கன்னா மெட்ரோ. 1900-ல் ஆரம்பிச்ச மெட்ரோ, பெரும்பாலான ஸ்டேஷன்ல லிஃப்ட் கிடையாது, மாறுற ஸ்டேஷன்ல ஏறி இறங்கி திரும்ப ஏறின்னு போய்க்கிட்டே இருக்கும். முழுக்க லிஃப்ட் இருக்கிறது 14-வது லைன். ஆளுங்க உதவி பண்ணுவாங்க, நீங்க படிக்கு முன்னாடி நின்னு மேல பாத்தாலே யாராவது ஒருத்தர் கீழ் பக்கத்த பிடிச்சு தூக்கிக் குடுத்துட்டு திரும்பிக்கூட பாக்காம போயிடுவாங்க. ஆனா அத நம்பி ப்ளான் போடாதீங்க.

அதுக்கு பதில் பஸ்ல போங்க. பஸ்ல ஸ்ட்ரோலர மடிக்கவே வேண்டாம், நடு கதவு பக்கம் நிறுத்துற இடம் இருக்கு, பிள்ளைக்கு ஜன்னல் வழியா ஊரும் தெரியும். 69-ஆம் நம்பர் பஸ் ஈபிள் டவர் பக்கத்துலேர்ந்து லூவ்ர் மியூசியம் வழியா பஸ்தீய் வரைக்கும் போகுது, பெரிய காசு குடுத்து ஏறுற சிவப்பு டூரிஸ்ட் பஸ்ஸுக்கு பதிலா இதுவே போதும். ஒரு வயசுக்குள்ள குழந்தைன்னா மார்ல கட்டிக்கிற கேரியர் தான் ராஜா.

மெட்ரோ கார்டு ஒண்ணு வாங்கி எல்லாரும் தேய்ச்சுக்கலாமா?

முடியாது. நவிகோ ஈஸின்னு 2 யூரோ கார்டு, ஆளுக்கு ஒண்ணு வேணும். நாலு வயசுக்குக் கீழ ஃப்ரீ, நாலுலேர்ந்து பத்து வயசு முடியாத வரைக்கும் பாதி ரேட், பாதி ரேட்ட பிள்ளையோட தனி கார்டுல தான் ஏத்தணும். 2025 ஜனவரிலேர்ந்து மெட்ரோ, ட்ரெய்ன் எவ்ளோ தூரம் போனாலும் ஒரே ரேட்டுன்னு ஆக்கிட்டாங்க, அப்போ 2.50 யூரோ, பஸ்ஸுக்கு 2, வருஷா வருஷம் சில சென்ட் ஏறும். ஏர்போர்ட்டுக்கு மட்டும் தனி டிக்கெட், விலை அதிகம். மெட்ரோலேர்ந்து இறங்கி பஸ் ஏறினா அது வேற டிக்கெட், பல பேர் இதுல தான் மாட்டுறாங்க, செக்கிங் வந்தா அங்கயே ஃபைன்.

வாரப் பாஸ் திங்கள்லேர்ந்து ஞாயிறு வரைக்கும் தான். வியாழக்கிழமை வந்து இறங்குறவங்களுக்கு அது பிரயோஜனமே இல்ல.

ஈபிள் டவர் டிக்கெட் எப்ப எடுக்கணும்? உச்சி வரைக்கும் போகணுமா?

லிஃப்ட் டிக்கெட் ஆன்லைன்ல 60 நாளைக்கு முன்னாடி திறக்கும், லீவு சீசன்ல சூடா போயிடும், தேதி முடிவான உடனே எடுத்துடுங்க. நாலு வயசுக்குக் கீழ ஃப்ரீ, ஆனா புக் பண்றப்போ அவங்களுக்கும் ஜீரோ ரேட் டிக்கெட் ஒண்ணு சேத்துக்கணும். ஸ்ட்ரோலர் மடிக்கிற மாதிரி இருந்தா தான் லிஃப்ட்ல விடுவாங்க.

உச்சி வேண்டாம்னு தான் என் அபிப்பிராயம். ரெண்டாவது தளம் 116 மீட்டர், அங்கேர்ந்தே ஊர் அழகா தெரியும், லூவ்ர் எது, சேன் எதுன்னு பிள்ளைக்கு விரல் நீட்டி காட்டலாம். உச்சி 276 மீட்டர், அதுக்கு ரெண்டாவது தளத்துல இன்னொரு லிஃப்ட் க்யூ, மேல காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும், கீழ உள்ளதெல்லாம் எறும்பு. முதல் தளம் யாரும் கண்டுக்கிறதில்ல, ஆனா பிள்ளைங்களுக்கு அது தான் பிடிக்கும், 57 மீட்டர் உயரத்துல கண்ணாடித் தரை, அதுமேல நிக்க தைரியம் இருக்கான்னு அப்பாவ கலாய்க்கலாம். ஏழு எட்டு வயசுப் பிள்ளை துருதுருன்னு இருந்தா படி டிக்கெட் எடுங்க, ரெண்டாவது தளம் வரைக்கும் 674 படி, விலையும் கம்மி. இறங்கி வந்ததும் ஷாம் து மார்ஸ் புல்வெளி, விளையாட்டு இடம், ராட்டினம், அன்னிக்கு பார்க் கணக்கு முடிஞ்சுது.

லூவ்ர் போயே ஆகணும்னு எங்க வீட்டுக்காரர் ஒத்தக்கால்ல நிக்கிறாரு, பையன் 5 நிமிஷம் நிக்க மாட்டான்

போங்க, ரெண்டு மணி நேரம், அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூட வேண்டாம். செவ்வாய்க்கிழமை லீவு. புதன், வெள்ளி ராத்திரி ஒன்பது வரைக்கும் உண்டு, ஆனா அது உங்களுக்கு இல்ல, காலைல முதல் ஸ்லாட் புக் பண்ணுங்க. பதினெட்டு வயசுக்குக் கீழ எந்த நாட்டுப் பிள்ளைக்கும் ஃப்ரீ. உங்க ஸ்ட்ரோலர் இல்லாட்டி உள்ள இலவசமா ஒண்ணு குடுப்பாங்க.

மோனா லிசாவ பத்தி உண்மைய சொல்லிடுறேன். படம் 77 சென்டிமீட்டர் உயரம், அதுக்கு முன்னாடி நூத்துக்கணக்குல மொபைல், உங்க பையன் கண்ணுக்குத் தெரியப்போறது முன்னாடி நிக்கிறவரோட பேன்ட் பாக்கெட் தான். அதே ரூம்ல எதிர் சுவர்ல பைபிள்ல வர்ற கானா ஊர்க் கல்யாணம்னு ஒரு படம், கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம், அதுல நாய் எத்தனை, பாட்டு வாசிக்கிறவங்க எங்கன்னு தேடச் சொல்லுங்க. கூட்டம் வேண்டாம்னா அந்த ரூமையே விட்டுட்டு அடித்தளத்துக்குப் போங்க. லூவ்ர் முதல்ல கோட்டையா இருந்தப்போ இருந்த அகழிச் சுவர் அங்க அப்டியே இருக்கு, பக்கத்துலயே பெரிய ஸ்ஃபிங்ஸ் சிலை, எகிப்து பகுதில நிஜ மம்மி. இன்னொரு பக்கம் அசீரிய அரண்மனைலேர்ந்து வந்த மனுஷத்தலை, றெக்கை வச்ச காளைங்க, முன்னாடியும் பக்கவாட்டுலயும் சேத்து எண்ணினா அஞ்சு கால் இருக்கும், அத பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். முடிச்சுட்டு வெளிய வந்தா துய்லெரி தோட்டம், ராட்டினம், ட்ராம்பலின்.

வீட்டுக்காரர் ஓவியம் தான் பாக்கணும்னா ஓர்ஸே மியூசியம் இன்னும் சுலபம், 1900-ல் ரயில்வே ஸ்டேஷனா இருந்தது, அளவா இருக்கும், திங்கள் லீவு. அங்க இருக்கிற வெள்ளைக் கரடி சிலைய பாத்து மயங்காத பிள்ளை கிடையாது.

மியூசியம் பாஸ் குழந்தைக்கும் வாங்கணுமா?

குழந்தைக்கு எதுக்கு, மேலயே சொன்னேனே ஃப்ரீன்னு. உங்களுக்கும் யோசிச்சு வாங்குங்க. அந்த பாஸ் ஒரு நாளைக்கு மூணு நாலு இடம் ஓடுறவங்களுக்குத் தான் கட்டுப்படியாகும், ஒரு நாள் ஒரு இடம்னு போற நமக்கு தனித்தனி டிக்கெட்டே சரி. ஈபிள் டவர் அதுல சேராது. பாம்பிதூ சென்டர்ன்ற மாடர்ன் ஆர்ட் மியூசியத்த தேடாதீங்க, 2025 செப்டம்பர்லேர்ந்து ரிப்பேருக்காக மூடிட்டாங்க, 2030 வரைக்கும்.

எந்த பார்க் பெஸ்ட்? ஒண்ணு தான் போக முடியும்னா?

லுக்சம்பூர் தோட்டம், யோசிக்கவே வேண்டாம். நடுவுல வட்டக் குளம், அதுல பாய் கட்டின மரப் படகு வாடகைக்குக் குடுப்பாங்க, ஒரு குச்சியால தள்ளி விட்டா காத்துல அக்கரைக்குப் போகும், பிள்ளை சுத்தி ஓடி அங்க போய் பிடிக்கணும், பேட்டரி ரிமோட் ஒண்ணும் கிடையாது, பெரிய பிள்ளைங்க கூட நகர மாட்டாங்க. 1879-ல் வச்ச பழைய ராட்டினம் ஒண்ணு இருக்கு, ஆபரா ஹவுஸ் கட்டின கார்னியே வடிவமைச்சது, பெயின்ட் உதிர்ந்து பாக்க சுமாரா தான் இருக்கும், ஆனா ஓரத்துல உக்காந்த பிள்ளைங்க கைல குச்சிய குடுத்து சுத்துறப்பவே தொங்குற வளையத்த குத்தி எடுக்கச் சொல்லுவாங்க. மட்டக்குதிரை சவாரி உண்டு, 1933-லேர்ந்து நடக்கிற பொம்மலாட்டக் கொட்டகை உண்டு, மொழி புரியாட்டியும் பரவால்ல, திருடன் வர்றப்போ கத்தணும்னு எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். பெரிய விளையாட்டுத் திடலுக்கு மட்டும் நுழைவுக் காசு. புல்லு மேல கால் வைக்கிறதுக்கு முன்னாடி போர்டு பாருங்க, நிறைய புல்தரை பாக்குறதுக்கு மட்டும் தான், விசில் ஊதி எழுப்பி விடுவாங்க.

ரெண்டாவது இடம் ஜார்தான் தே ப்ளாந்த். 1794-ல் ஆரம்பிச்ச சின்ன மிருகக்காட்சிசாலை, ஒராங்குட்டான், சிவப்பு பாண்டா. பக்கத்துல ஒரு ராட்டினம், அதுல குதிரை கிடையாது, டோடோ மாதிரி அழிஞ்சுபோன விலங்குங்க மேல தான் சவாரி.

நாங்க போன அன்னிக்கு பார்க்ல உள்ளூர் பிள்ளைங்க கூட்டம் தாங்கல, வார நாள் தானே போனோம்?

புதன்கிழமை போயிருப்பீங்க. இங்க புதன் மதியம் ஸ்கூல் கிடையாது, ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் பார்க்லயும் குழந்தைங்க மியூசியத்துலயும் தான் இருக்கும். இதுல ஒரு சிக்கல், பொம்மலாட்டமும் மட்டக்குதிரையும் பெரும்பாலும் புதன், சனி, ஞாயிறு மதியம் தான் நடக்கும். அதனால அது ரெண்டும் வேணும்னா புதன் கூட்டத்த பொறுத்துக்கிட்டுப் போங்க, வெறும் ஊஞ்சல், சறுக்குமரம், படகு போதும்னா வியாழன் வெள்ளி போங்க. மூடுற நாளையும் சேத்து எழுதி வச்சுக்கோங்க: திங்கள் ஓர்ஸே, வெர்சாய் அரண்மனை, செவ்வாய் லூவ்ர்.

என் பொண்ணு தயிர் சாதம் தவிர எதுவும் தொட மாட்டா, என்ன பண்றது?

இதுக்குத் தான் சமையல் மேடை உள்ள ரூம்னு சொன்னேன். அரிசி, பால், தயிர் எல்லா சூப்பர் மார்க்கெட்லயும் இருக்கு, இங்க தயிருக்கு ஒரு பெரிய அலமாரியே உண்டு, சர்க்கரை போடாத வெறும் யோகர்ட்டா பாத்து எடுங்க. பழத்தக் கூழாக்கி உறிஞ்சிக் குடிக்கிற பாக்கெட்டுல விக்கிற கம்போட், பைல எப்பவும் நாலு இருக்கட்டும், க்யூல நிக்கிறப்போ காப்பாத்தும்.

நம்ம சாப்பாட்டுக்கு லாச்சப்பல். லா ஷப்பேல் மெட்ரோ, கார் து நோர் பக்கம், ஃபோபூர் சேன் தெனி தெருவுல நடந்தா போர்டெல்லாம் தமிழ்ல இருக்கும், பெரும்பாலும் ஈழத்துக்காரங்க கடை. தோசை, இடியாப்பம், கொத்து ரொட்டி, கறிவேப்பிலை, ஊறுகாய், எல்லாம். 1985-லேர்ந்து இருக்கிற மாணிக்க விநாயகர் கோயிலும் அங்க பக்கத்துல தான், ஆகஸ்ட் கடைசி செப்டம்பர் ஆரம்பத்துல வர்றவங்க தேர் எந்த ஞாயிறுன்னு விசாரிச்சுக்கோங்க, பாரிஸ் தெருவுல தேங்கா மலை மாதிரி குவிச்சு உடைப்பாங்க, பிள்ளைங்களுக்கு ஈபிள் டவர விட அது ஞாபகம் இருக்கும்.

வெளில ஹோட்டல்ல சாப்பிடலாமா? நாங்க சைவம் வேற

நேரம் தான் முதல் பிரச்சனை. மதியம் பன்னெண்டுலேர்ந்து ரெண்டு, ராத்திரி ஏழு ஏழரைக்கு மேல, நடுவுல பல கடைல அடுப்பு அணைச்சிடுவாங்க. நாலு மணிக்குப் பசிக்குதுன்னு பிள்ளை அழுதா பேக்கரி தான் கதி, அதுவும் மோசமில்ல, க்ரோஸான், பால் பன், சூடான பகெத் ரொட்டி. தெருவுல க்ரேப் போடுற கடைல சீஸ் போட்டதோ சர்க்கரை போட்டதோ கேளுங்க, பாக்குறதுக்கும் தோசை ஊத்துற மாதிரியே இருக்கும், பிள்ளை சாப்பிட்டுடும். மாவுல முட்டை உண்டு, அது ஆகாதவங்க கவனிங்க.

சைவம்னா வெங்காய சூப்ப நம்பாதீங்க, வழக்கமா மாட்டு எலும்பு வேகவச்ச தண்ணில தான் செய்வாங்க. ஜெல்லி மிட்டாய்லயும் ஜெலட்டின். கடைக்குள்ள நுழையுறப்போ முதல்ல "போன்ஷூர்" சொல்லிட்டு அப்புறம் கேளுங்க, சொல்லாம நேரா கேள்வி கேட்டா முகம் சுருங்கிடும், சொன்னா அதே ஆள் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் கூட குடுப்பார்.

தண்ணி பாட்டில் தினம் வாங்குறதே 10 யூரோ ஆகுதுன்றாங்க

வாங்கவே வேண்டாம். குழாய்த் தண்ணி குடிக்கலாம். தெருவுல பச்சை நிறத்துல நாலு பொம்பளை சிலை கூரைய தாங்குற மாதிரி ஒரு நீர்த்தாரை பாப்பீங்க, வாலஸ்னு ஒருத்தர் 1872-ல் ஊருக்குக் குடுத்தது, இன்னும் நல்ல தண்ணி தான் வருது. குளிர்காலத்துல மட்டும் மூடிடுவாங்க. ஹோட்டல்ல "கராஃப் தோ"ன்னு கேட்டா குழாய்த் தண்ணி ஜக்குல இலவசமா வரும்.

பாத்ரூம்? இதான் என் முதல் கவலை, வெளிய கேக்கவே கூச்சமா இருக்கு

எல்லாருக்குமே முதல் கவலை இது தான். ரோட்டோரம் சாம்பல் நிற தானியங்கி கக்கூஸ் நிறைய இருக்கு, 2006-லேர்ந்து ஃப்ரீ. ஒவ்வொரு ஆள் வெளிய வந்ததும் கதவ மூடிக்கிட்டு உள்ள தானே கழுவும், அதனால முன்னாடி ஆள் வர்றப்போ கதவ பிடிச்சுக்கிட்டு பிள்ளைய உள்ள தள்ளாதீங்க, நனைஞ்சு வரும். பச்சை லைட் வர்ற வரைக்கும் நில்லுங்க. கழுவ டியூப் எங்கயும் கிடையாது, ஒரு சின்ன பாட்டில் பைல எப்பவும் இருக்கட்டும்.

மியூசியத்த விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடி, வருதோ இல்லையோ, எல்லாரையும் ஒருதடவ போக வைங்க. அவசரம்னா ஏதாவது கஃபேல ஒரு எஸ்ப்ரெஸ்ஸோ வாங்குங்க, நின்னுக்கிட்டே குடிச்சா விலை கம்மி, பாத்ரூம் போய்க்கலாம்.

நாள் பூரா மழை, ரூம்ல அடைஞ்சு கிடக்கோம், எங்க போகலாம்?

ஜார்தான் தே ப்ளாந்த் உள்ளயே பெரிய பரிணாம மண்டபம் இருக்கு, யானை, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை எல்லாம் வரிசையா ஊர்வலம் போற மாதிரி நிறுத்தி வச்சிருப்பாங்க, செவ்வாய் லீவு. டைனோசர் பைத்தியம்னா அதே தோட்டத்தோட மறுமுனைல எலும்புக்கூடு மண்டபம். இன்னொண்ணு லா வில்லெத்ல அறிவியல் மையத்துக்குள்ள இருக்கிற குழந்தைங்க பகுதி, 7-வது லைன் கடைசிப் பக்கம், ரெண்டுலேர்ந்து ஏழு வயசுக்கு ஒண்ணு, கொஞ்சம் பெரியவங்களுக்கு ஒண்ணு, தண்ணில விளையாடுறது, வீடு கட்டுறதுன்னு ஒண்ணரை மணி நேர ஸ்லாட், திங்கள் லீவு. மழை வந்தா பாரிஸே அங்க தான் வரும், காலைலயே ஆன்லைன்ல ஸ்லாட் பிடிங்க.

டிஸ்னிலேண்ட் போகலாமா வேண்டாமா, ஒரே வார்த்தைல சொல்லுங்க

அஞ்சு நாள் இருந்தா போங்க, மூணு நாள்னா வேண்டாம். ஆர்இஆர் ஏ லைன்ன்ற புறநகர் ட்ரெய்ன்ல ஊர் நடுவுலேர்ந்து 40 நிமிஷம், வாசல்லயே இறக்கி விடும். மூணு வயசுக்குக் கீழ ஃப்ரீ, ஆனா அந்த வயசுக்கு லுக்சம்பூர் குளத்துப் படகே டிஸ்னிலேண்ட் தான். ஆறு ஏழு வயசு, கார்ட்டூன் பேரெல்லாம் ஒப்பிக்கிற பிள்ளைன்னா கூட்டிட்டுப் போகாம இருந்தா நீங்க நிம்மதியா ஊர் திரும்ப முடியாது. பெரிய ரைடுக்கு உயர அளவு பாப்பாங்க, வீட்லயே அளந்துட்டு ஆசை காட்டுங்க.

ஜூன்ல வர்றோம், ராத்திரி ஈபிள் டவர் மினுமினுக்கிறத பாக்கணும், எத்தனை மணிக்கு?

இங்க தான் கணக்கு இடிக்குது. இருட்டினதுக்கு அப்புறம் ஒவ்வொரு மணி ஆரம்பத்துலயும் அஞ்சு நிமிஷம், 20,000 பல்பு மினுக்கும். ஆனா ஜூன்ல சூரியன் மறையுறதே பத்து மணிக்கு, நல்லா இருட்டுல பாக்க பதினொண்ணு ஆகும், உங்க பிள்ளைக்கு அப்போ இந்திய நேரப்படி விடியக்காலம் ரெண்டரை. ஒண்ணு, மதியம் ரூம்ல நல்லா தூங்க வச்சுட்டு ஒரே ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க, வர்றப்போ டாக்ஸி. இல்லாட்டி அம்மா அப்பா முறை போட்டு ஒருத்தர் ஒருத்தரா போயிட்டு வாங்க, தப்பில்ல. டிசம்பர்ல வர்றவங்களுக்கு இந்தத் தலைவலி இல்ல, அஞ்சு மணிக்கே இருட்டிடும், ஆறு மணி ஷோ பாத்துட்டு ஏழுக்கு ரூம்.

அம்மா அப்பாவும் வர்றாங்க, அம்மாவுக்கு முழங்கால் வலி, குழந்தைக்கு 2 வயசு

உங்களுக்கு மெட்ரோவே வேண்டாம், ஸ்ட்ரோலர் பதில்ல சொன்ன பஸ் தான் வண்டி. சேன் நதில ஒரு மணி நேர படகு சவாரி கண்டிப்பா போங்க, உக்காந்த இடத்துலயே நோத்ர் தாம் சர்ச், லூவ்ர், ஓர்ஸே எல்லாம் வந்து போகும், பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே நேரத்துல பிடிக்கிற ஒரே ஐட்டம். மோன்மார்த்ர் குன்று மேல சாக்ரே கேர் சர்ச்சுக்கு 222 படி, பக்கத்துலயே விஞ்ச் மாதிரி ஃப்யூனிகுலேர் இருக்கு, மெட்ரோ டிக்கெட் தான். நோத்ர் தாம் 2019-ல் தீ பிடிச்சு 2024 டிசம்பர்ல திறந்துட்டாங்க, உள்ள போக காசு கிடையாது, நேரம் புக் பண்றதும் இலவசம். கோபுரம் ஏற வேண்டாம், 424 படி. எலும்புக் குகை கட்டகோம்பும் வேண்டாம், 131 படி இறங்கி 112 படி ஏறணும், பிள்ளை ராத்திரி தூங்காது.

பிக்பாக்கெட் பயமா இருக்கு, பிள்ளைய பிடிக்கவா பைய பிடிக்கவா?

பிள்ளைய பிடிங்க, பைய ஜிப் வச்சு முன்னாடி மாட்டிக்கோங்க. ஸ்ட்ரோலர் கைப்பிடில ஹேண்ட்பேக் மாட்டுறது தான் நம்மாளுங்க வழக்கம், அத மட்டும் பண்ணாதீங்க. சாக்ரே கேர் படில கைல நூல் கட்ட வர்றவங்க, ஈபிள் பக்கம் கையெழுத்து கேட்டு அட்டை நீட்டுறவங்க, கிண்ணத்துக்கடில பந்து எங்கன்னு பந்தயம் கட்டுறவங்க, யார்கிட்டயும் நிக்காதீங்க. பந்து கும்பல்ல ஜெயிக்கிற ஆளும் அவங்க ஆள் தான். பிள்ளை சட்டைப் பாக்கெட்டுல உங்க போன் நம்பர் எழுதின சீட்டு ஒண்ணு போட்டு வைங்க, நாட்டு கோடு சேத்து.

திடீர்னு காய்ச்சல் வந்தா?

தெருவுக்குத் தெரு பச்சை சிலுவை லைட் எரியிற மருந்துக் கடை இருக்கு, சின்ன விஷயத்துக்கு அங்கயே கேக்கலாம். ஞாயிறு பல கடை மூடியிருக்கும், அதனால வழக்கமா குடுக்கிற பாரசிட்டமால் சிரப், ஓஆர்எஸ், டாக்டர் சீட்டோட ஊர்லேர்ந்தே கொண்டு வாங்க. அவசரத்துக்கு 15 இல்லாட்டி 112-க்கு போன் பண்ணுங்க. குழந்தைங்களுக்குன்னே 1802-லேர்ந்து இருக்கிற நெக்கர் ஆஸ்பத்திரி 15-வது வட்டாரத்துல இருக்கு. விசாவுக்காக எடுத்த இன்ஷூரன்ஸ் பேப்பர மொபைல்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

லண்டன்லேர்ந்து ட்ரெய்ன்ல காலைல வந்து ராத்திரி திரும்புறோம், 4 வயசுப் பையன், ஒரே நாள், என்ன பாக்கலாம்?

ரெண்டே கால் மணி நேர ட்ரெய்ன், செய்யலாம். இந்தியன் பாஸ்போர்ட்னா ஒரு நாளைக்கும் ஷெங்கன் விசா வேணும், அத மறந்துட்டு லண்டன் சேன்ட் பான்க்ராஸ் ஸ்டேஷன்ல நிக்காதீங்க. கார் து நோர்ல இறங்கி மெட்ரோ 4-வது லைன்ல சித்தே ஸ்டேஷன், நோத்ர் தாம வெளிலேர்ந்து பாத்துட்டு மெதுவா லுக்சம்பூருக்கு நடங்க, படகு, ராட்டினம், அங்கயே பெஞ்ச்ல சாப்பாடு. அங்கேர்ந்து 82-ஆம் நம்பர் பஸ் ஈபிள் டவர் பக்கம் போகும், பையன் பஸ்ல தூங்கிடுவான், தூங்கட்டும். டவர் ஏறாதீங்க, கீழ நின்னு அண்ணாந்து பாத்தாலே போதும், நேரம் இருந்தா அங்கயே படகு ஏறுங்க. அஞ்சு மணிக்குள்ள திரும்பி லாச்சப்பல்ல தோசை பார்சல் வாங்கிக்கோங்க. ட்ரெய்னுக்கு ஒண்ணரை மணி நேரம் முன்னாடி ஸ்டேஷன்ல இருக்கணும், லண்டன் ட்ரெய்னுக்கான பாஸ்போர்ட் செக்கிங் எல்லாம் கார் து நோர் மாடில தான், கீழ ப்ளாட்ஃபாரத்துல தேடி நேரத்த விடாதீங்க.